ரோடு பைக்குக்கு ஸ்மார்ட் ட்ரெயினர் தேர்ந்தெடுப்பது எப்படி: பின் அச்சிலிருந்து தொடங்கும் ஒரு முழுமையான வழிகாட்டி

ஸ்மார்ட் ட்ரெயினர் வாங்க நினைக்கும் பலரும் விளம்பரப் பக்கத்திலிருந்தே தொடங்குகிறார்கள். 2200 வாட், 20% ஏற்றம், ±1% துல்லியம் என்று கொட்டை எழுத்தில் இருப்பவற்றை ஒன்றோடொன்று ஒப்பிட்டு, எந்த எண் பெரியதோ அதற்குப் பணம் கட்டுகிறார்கள். பெட்டி வீட்டுக்கு வந்து, சைக்கிளைத் தூக்கி வைக்கும்போதுதான் பின் அச்சு பொருந்தவில்லை என்பதோ, தங்கள் கேசட் (பின்சக்கரத்தின் பற்சக்கர அடுக்கு) அதில் ஏறாது என்பதோ தெரியவருகிறது. அந்த வரிசையைத் திருப்பிப் போட்டால் சிக்கல் பெருமளவு குறையும். முதலில் உங்கள் சைக்கிளின் பின்பகுதியையும், அடுத்து கருவியின் வகையையும் அதன் எண்களையும், பிறகு மென்பொருளையும், அதன்பின் நீங்கள் ஓட்டப்போகும் அறையையும் பார்த்துவிட்டு, மாதிரியின் பெயரையும் விலையையும் கடைசியில் பார்ப்பதே சரியான வரிசை.

ஸ்மார்ட் ட்ரெயினர் என்பது, சைக்கிளை ஓரிடத்தில் நிறுத்தி ஓட்டுவதற்கான தாங்கி மட்டும் அன்று. அதற்குள் இருக்கும் மின்காந்தம் பெடலின் கனத்தைக் கூட்டவும் குறைக்கவும் செய்கிறது; நீங்கள் செலுத்தும் திறனை வாட் கணக்கில் அளந்து கணினிக்கோ கைப்பேசிக்கோ அனுப்புகிறது; திரையில் ஏற்றம் வந்தால், அங்கிருந்து வரும் கட்டளைப்படி காலுக்கு ஏற்றத்தைக் காட்டுகிறது. அமெரிக்காவின் வாஹூ நிறுவனம் கிக்கர் கருவியை 2012-இல் அறிமுகப்படுத்தியதும், 2014-இல் ஸ்விஃப்ட் என்ற மெய்நிகர் சைக்கிள் ஓட்ட மென்பொருள் வந்ததும் இந்தத் துறையின் போக்கை மாற்றின. நெதர்லாந்தின் டாக்ஸ் (2019 முதல் கார்மின் நிறுவனத்துக்குச் சொந்தம்), இத்தாலியின் எலைட், ஆஸ்திரேலியாவின் ஜெட்பிளாக் ஆகியவை இன்று கடைகளில் அதிகம் காணப்படும் மற்ற பெயர்கள்.

முதல் படி: சைக்கிளின் பின்பகுதியைப் பாருங்கள்

சைக்கிளின் பின்சக்கரம் சட்டத்தோடு எப்படிப் பூட்டப்பட்டிருக்கிறது என்பதிலிருந்து தொடங்குங்கள். ரிம் பிரேக் கொண்ட ரோடு பைக்குகளில் பெரும்பாலும் குயிக் ரிலீஸ் (நெம்புகோலைத் திருப்பிக் கழற்றும் மெல்லிய அச்சு) இருக்கும். பின் ஃபோர்க்கின் இரு உட்பக்கங்களுக்கும் இடையே 130 மில்லிமீட்டர் இடைவெளி இருக்கும். டிஸ்க் பிரேக் வந்த ஆரம்ப காலத்துச் சைக்கிள்கள் சிலவற்றில் குயிக் ரிலீஸே இருந்தாலும் இடைவெளி 135 மில்லிமீட்டர். இன்றைய டிஸ்க் பிரேக் ரோடு பைக்குகளில் 12 மில்லிமீட்டர் தடிமனும் 142 மில்லிமீட்டர் அகலமும் கொண்ட த்ரூ ஆக்ஸில் (சட்டத்தின் ஊடே சென்று திருகிப் பூட்டும் தடித்த அச்சு) வழக்கமாகிவிட்டது. தற்போது விற்கப்படும் நல்ல ட்ரெயினர்கள் பலவற்றில் இந்த மூன்றுக்கும் உரிய முனைகள் பெட்டியிலேயே வரும். ஆனால் மலிவான மாதிரிகளிலும் பழைய மாதிரிகளிலும் த்ரூ ஆக்ஸில் முனையைத் தனியாக வாங்க வேண்டியிருக்கும். குறிப்பாக, பழைய கருவியை வேறொருவரிடமிருந்து வாங்கும்போது தொலைந்து போயிருப்பது இந்தச் சிறு உதிரிகள்தான்.

அச்சுக்கு அடுத்தது ஃப்ரீஹப், அதாவது கேசட் மாட்டப்படும் பகுதி. பின்சக்கரத்தைக் கழற்றிவிட்டுச் சைக்கிளை நேரடியாகக் கருவியில் மாட்டும் வகையில், கருவியிலேயே ஒரு கேசட் இருக்க வேண்டும். அந்தக் கேசட்டில் உங்கள் சைக்கிளில் உள்ள அதே எண்ணிக்கையிலான பற்சக்கரங்கள் இருக்க வேண்டும். அது ஏறி உட்காரும் ஃப்ரீஹப்பும் உங்கள் கியரைத் தயாரித்த நிறுவனத்தின் அமைப்புக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். ஷிமானோ கியர் வைத்திருப்பவர்களுக்குப் பெரும்பாலும் சிக்கல் இல்லை: கருவிகளில் இயல்பாக வரும் ஷிமானோ வகை ஃப்ரீஹப்பில் 8 முதல் 11 வேகம் (அத்தனை பற்சக்கரங்கள்) வரையிலான கேசட்டுகள் ஏறும், அல்டெக்ரா, 105 ஆகியவற்றின் புதிய 12 வேக ரோடு கேசட்டுகளும் ஏறும். 8, 9, 10 வேகக் கேசட் போடுகிறவர்கள் அடியில் 1.85 மில்லிமீட்டர் ஸ்பேசர் (இடைவெளி வளையம்) ஒன்றைப் போட வேண்டும். 11 வேகத்திலேயே 11–34 பல் அளவுள்ள சில ஷிமானோ கேசட்டுகளுக்கும் அந்த ஸ்பேசர் தேவை. அதைப் போடாமல் பூட்டினால் லாக்ரிங் (கேசட்டைப் பூட்டும் வளையம்) முழுவதும் இறுகியபின்னும் கேசட் கையால் ஆட்டினால் ஆடும். அந்த ஆட்டம் தெரிந்தால் காரணத்தை வேறெங்கும் தேட வேண்டாம்.

ஸ்ராம் நிறுவனத்தின் 12 வேக ஆக்சஸ் தொகுதி வைத்திருப்பவர்கள் கூடுதல் கவனம் கொள்ள வேண்டும். அதன் சிறிய பற்சக்கரத்தில் 10 பற்களே இருப்பதால் எக்ஸ்டிஆர் (XDR) எனப்படும் தனி ஃப்ரீஹப் வேண்டும். பெரும்பாலான ட்ரெயினர்களுக்கு அது தனி விலையில் கிடைக்கும். சிலவற்றுக்குக் கிடைக்கவே கிடைக்காது. கம்பாக்னோலோ வைத்திருப்பவர்களுக்கும் இதே நிலைதான். எனவே கருவியின் விலையோடு ஃப்ரீஹப், கேசட், கேசட்டைக் கழற்றிப் பூட்டும் லாக்ரிங் கருவி, செயின் விப் (கழற்றும்போது கேசட்டைச் சுழலாமல் பிடிக்கும் கருவி) ஆகியவற்றின் விலையையும் சேர்த்தே கணக்கிட வேண்டும். ஒரு மாதிரி கேசட்டோடு வருகிறது, இன்னொன்று கேசட் இல்லாமல் வருகிறது என்றால் இரண்டின் விலைப்பட்டியலையும் அப்படியே ஒப்பிடுவதில் பொருளில்லை.

இந்தத் தலைவலியைத் தவிர்க்க ஒரு வழி 2023 முதல் கிடைக்கிறது. ஸ்விஃப்ட் காக் என்பது கேசட்டுக்குப் பதிலாக வரும் 14 பற்கள் கொண்ட ஒற்றைப் பற்சக்கரம். 8 முதல் 12 வேகம் வரையிலான எந்தச் செயினும் அதில் ஓடும். கியர் மாற்றத்தைச் செயின் செய்வதில்லை. கைப்பிடியில் மாட்டிய சிறு பொத்தானை அழுத்தினால் கருவியே பெடலின் கனத்தை மாற்றிக்கொள்கிறது. ஒரே வீட்டில் இருவர் வெவ்வேறு வேகத் தொகுதியுள்ள சைக்கிள்களை ஒரே ட்ரெயினரில் மாட்ட விரும்பினால் இதைவிட வசதியான ஏற்பாடு இல்லை. ஆனால் ஸ்விஃப்ட் தவிர வேறு மென்பொருளையே பயன்படுத்தப் போகிறவர்கள், அங்கே இந்த மெய்நிகர் கியர் வேலை செய்யுமா என்பதை உறுதிசெய்துகொண்ட பிறகே இதை எடுக்க வேண்டும். கியரைத் தன் கையால் மாற்றி, செயின் ஏறி இறங்குவதைக் காலில் உணர்ந்து பழகியவர்களுக்கு இது சற்றுச் செயற்கையாகவும் தோன்றலாம்.

கார்பன் சட்டம் வைத்திருப்பவர்கள், சைக்கிள் நிறுவனம் கொடுத்த கையேட்டில் ட்ரெயினர் பற்றி என்ன சொல்லப்பட்டிருக்கிறது என்று ஒருமுறை படித்துவிட வேண்டும். சில நிறுவனங்கள் தடையின்றி அனுமதிக்கின்றன, சில நிபந்தனை விதிக்கின்றன, சில உத்தரவாதத்திலிருந்தே விலக்கிவிடுகின்றன. சாலையில் சைக்கிள் உங்களோடு சேர்ந்து இருபுறமும் சாயும். கருவியில் பின்பகுதி அசையாமல் பூட்டப்பட்டிருப்பதால், எழுந்து நின்று வேகமாக மிதிக்கும்போது அந்தத் திருகல் முழுவதையும் சட்டமே தாங்க வேண்டியிருக்கிறது. சாதாரணப் பயிற்சியில் இதனால் கெடுதல் நேர்வது அரிது என்பதே என் கருத்து. உத்தரவாதம் வேறு விஷயம்.

இரண்டாம் படி: டயரை உருட்டும் வகையா, சக்கரத்தைக் கழற்றும் வகையா

ட்ரெயினர்கள் இரு வகைப்படும். ஒன்றில் பின்சக்கரம் சைக்கிளிலேயே இருக்கும்; டயர் ஓர் உலோக உருளையின்மேல் அழுந்தி அதைச் சுழற்றும். மற்றொன்று டைரக்ட் டிரைவ். இதில் பின்சக்கரத்தைக் கழற்றிவிட்டு, செயினை நேராகக் கருவியின் கேசட்டில் மாட்ட வேண்டும்.

முதல் வகை விலை குறைவு, எடை குறைவு, சைக்கிளை மாட்டிக் கழற்றுவதும் விரைவு. குறைகள் டயருக்கும் உருளைக்கும் இடையில்தான் இருக்கின்றன. டயரின் காற்றழுத்தம் சற்றுக் குறைந்தாலும், உருளை சற்றுத் தளர்ந்தாலும் வாட் அளவு மாறிவிடும். திடீரென வேகமெடுத்தால் டயர் வழுக்கும். சாலை டயரைப் போட்டே ஓட்டினால் சூட்டில் ரப்பர் தேய்ந்து, கறுப்புத் தூளாகச் சுவரோரம் படியும். ஆகையால் ட்ரெயினருக்கென்றே விற்கும் கெட்டியான டயரைத் தனியாக வாங்க வேண்டும், அந்த டயரைச் சாலையில் ஓட்டக்கூடாது. அப்படியானால் சாலைக்குப் போகும்போதெல்லாம் டயரையோ சக்கரத்தையோ மாற்ற வேண்டும் என்பதால் ‘எளிது’ என்ற காரணமும் கரைந்துவிடுகிறது. த்ரூ ஆக்ஸில் சைக்கிளை இதில் மாட்ட ஒரு சிறப்பு அச்சும் தேவைப்படும்.

வாரத்துக்கு ஒருமுறை மட்டும் ஓட்டுவேன், மழைக்காலத்துக்கு மட்டும் போதும், பழைய சைக்கிள் ஒன்று இதற்கென்றே கிடக்கிறது என்பவர்களுக்கு டயர் உருளை வகை தகும். வாட் கணக்கை வைத்து முறையாகப் பயிற்சி செய்ய நினைக்கும் எவரும் டைரக்ட் டிரைவ் வாங்குவதே நல்லது. இரண்டு வகைக்கும் இடையே முன்பு இருந்த பெரிய விலை வேறுபாடு இப்போது இல்லை. 2022 அக்டோபரில் ஸ்விஃப்ட் நிறுவனம் தன் ஹப் ட்ரெயினரை 499 டாலருக்கு வெளியிட்ட பிறகு, மற்றவர்களும் இடைநிலை மாதிரிகளின் விலையை இறக்க நேர்ந்தது.

மூன்றாம் படி: எண்களை எடைபோடுங்கள்

விளம்பரத்தில் முதலில் வருவது உச்சத் திறன். வாஹூ கிக்கர் கோர் 1800 வாட் வரை தாங்கும், கிக்கர் 2200 வாட், டாக்ஸ் நியோ 2டி 2200 வாட், எலைட் டிரெட்டோ எக்ஸ்ஆர் 2300 வாட். ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஓட்டுபவரும் சைக்கிளும் சேர்ந்து 80 கிலோ என்று வைத்துக்கொண்டால், 8% ஏற்றத்தில் மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் ஏற ஏறத்தாழ 190 வாட் வேண்டும். அதே ஆள் 16% ஏற்றத்தில் 2000 வாட் செலுத்தினால் மணிக்குச் சுமார் 45 கிலோமீட்டர் வேகத்தில் மலையேறுவார். உலகில் யாரும் அப்படி ஏறுவதில்லை. ஆர்வலர்களில் பெரும்பாலோர் சில நொடிகள் முழுமூச்சாக மிதித்தாலும் 1000 வாட்டை ஒட்டியே நிற்பார்கள். ஆகவே 1800-க்கும் 2300-க்கும் இடையிலான வேறுபாட்டுக்காகக் கூடுதல் பணம் கொடுக்கத் தேவையில்லை.

ஏற்றத்தின் விழுக்காடு இன்னும் ஏமாற்றும் எண். 16%, 20%, 25% என்பவை, குறிப்பிட்ட எடையுள்ள ஒருவர் குறிப்பிட்ட வேகத்தில் ஓட்டுவதாக வைத்துக்கொண்டு கணக்கிடப்பட்டவை. எடை கூடியவருக்கு அந்த எல்லை கீழே இறங்கும். இதைவிட முக்கியமான ஒன்று, ஸ்விஃப்டில் ‘ட்ரெயினர் டிஃபிகல்ட்டி’ என்ற அமைப்பு தொடக்கத்தில் 50 விழுக்காட்டில் இருக்கும் என்பது. அதன்படி திரையில் 10% ஏற்றம் வந்தால் காலுக்கு 5% கனமே வரும். பிரான்சின் ஆல்ப் துவேஸ் மலையை ஒத்து அமைக்கப்பட்ட ஆல்ப் து ஸ்விஃப்ட், 21 கொண்டை ஊசி வளைவுகளோடு சுமார் 12 கிலோமீட்டர் நீளும். அதன் சராசரி ஏற்றம் 8.5%. தொடக்க அமைப்பில் அது உங்கள் காலுக்கு 4 விழுக்காட்டைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். இதனால் நீங்கள் வேகமாக ஏறிவிடுவதில்லை. திரையில் உங்கள் வேகத்தை உங்கள் வாட்டும் எடையுமே முடிவுசெய்கின்றன. ஆகவே 10 அல்லது 12 விழுக்காட்டோடு நிற்கும் கருவியும் இந்த மலையை ஒப்பேற்றிவிடும்.

ஏற்ற விழுக்காட்டுக்குப் பின்னால் மறைந்திருக்கும் உண்மையான கேள்வி வேறு: சிறிய கியரில், ஃப்ளைவீல் (கருவிக்குள் சுழலும் கனமான சக்கரம்) மெதுவாகச் சுழலும்போது கருவி எவ்வளவு பிடித்து நிறுத்தும்? வேகம் குறையும்போது மின்காந்தத்தின் பிடியும் குறைகிறது. எடை கூடியவர்கள், மெதுவாக அழுத்தி மிதிக்கிறவர்கள் ஆகியோருக்கு இந்த இடத்தில்தான் விலை குறைந்த கருவிகள் கைவிடும்; பெடல் திடீரென வழுக்கியதுபோல் தோன்றும். எடை 90 கிலோவைத் தாண்டியவர் என்றால் ஏற்ற விழுக்காட்டில் ஒரு படி மேலான கருவியை எடுப்பது நியாயமே. கருவி தாங்கும் ஆள் எடையும் ஒவ்வொரு மாதிரிக்கும் வேறுபடும் என்பதால் அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

துல்லியம் பொருட்படுத்த வேண்டிய எண்தான், ஆனால் அளவோடு. 250 வாட்டில் ஓட்டுபவருக்கு ±1% என்பது 2.5 வாட் பிழை, ±2.5% என்றால் ஏறத்தாழ 6 வாட்; டயர் உருளை வகைகளில் காணும் ±5% என்றால் 12.5 வாட். பயிற்சிக்கு வேண்டியது நேற்றும் இன்றும் ஒரே மாதிரி அளப்பது. எப்போதும் 4 வாட் கூட்டிக் காட்டும் கருவியோடு ஒருவர் ஆண்டுக்கணக்கில் நன்றாக முன்னேறலாம், ஒருநாள் கூட்டியும் ஒருநாள் குறைத்தும் காட்டும் கருவியோடு முடியாது. மெய்நிகர்ப் பந்தயங்களில் மட்டும் கதை வேறு. பன்னாட்டு சைக்கிள் கூட்டமைப்பு 2020 டிசம்பரில் முதல் மெய்நிகர் உலகப் போட்டியை நடத்தி, அதில் ஜெர்மனியின் ஜேசன் ஆஸ்போர்ன் என்ற படகுப் போட்டி வீரர் வென்ற பிறகு, வாட் என்பது வெற்றிதோல்வியின் கணக்காகிவிட்டது. அந்த மட்டத்தில் போட்டியிட நினைப்பவர்கள் ±1% கருவியையே வாங்க வேண்டும். சைக்கிளில் ஏற்கெனவே பவர் மீட்டர் (வாட் அளக்கும் கருவி) வைத்திருப்பவர்கள், கிராங்கிலோ பெடலிலோ அளப்பது ட்ரெயினர் அளப்பதைவிட ஓரிரு விழுக்காடு கூடுதலாக இருப்பதைக் கண்டு பதற வேண்டாம். இடையில் செயினும் பற்சக்கரங்களும் தின்பது அது.

ஃப்ளைவீலின் எடை, ஓட்டும்போது சாலையில் போவதுபோன்ற உணர்வைத் தருவது. மிதிப்பதை ஒரு கணம் நிறுத்தினாலும் சாலையில் சைக்கிள் உருண்டு போகும் அல்லவா, அந்த உந்துதலை வீட்டுக்குள் தருவது இந்தக் கனமான சக்கரம்தான். கிக்கர் கோரில் அது 5.4 கிலோ, கிக்கரில் 7.3 கிலோ. டாக்ஸ் நியோ வரிசையில் கனமான சக்கரத்துக்குப் பதிலாக மின்மோட்டாரே அந்த உந்துதலை உருவாக்குகிறது. ஐந்து கிலோவுக்கு மேல் இருந்தால் பெரும்பாலோருக்கு நிறைவாகவே இருக்கும்.

வாட் அளவைச் சீர்செய்யும் (காலிபரேஷன்) முறையையும் கேட்டுக்கொள்ளுங்கள். பல கருவிகளில் பத்து நிமிடம் ஓட்டிச் சூடேற்றிய பிறகு, மணிக்கு 35 கிலோமீட்டரைத் தாண்டி வேகமெடுத்து, மிதிப்பதை நிறுத்தி, தானாக நிற்கும்வரை விட வேண்டும். கிக்கரின் புதிய தலைமுறைகள் இதைத் தாமே செய்துகொள்ளும். நியோ வரிசைக்கு இது தேவையே இல்லை. டயர் உருளை வகையில் ஒவ்வொரு முறை ஏறும்போதும் செய்ய வேண்டிய வேலை இது. செய்வதாக நினைத்துக்கொண்டு வாங்குகிறவர்கள் பெரும்பாலும் செய்வதில்லை.

நான்காம் படி: எந்த மென்பொருள், எந்தத் தொடர்பு

கருவி ஆன்ட் பிளஸ் எஃப்இ-சி, புளூடூத் எஃப்டிஎம்எஸ் ஆகிய இரண்டு பொது மொழிகளையும் பேச வேண்டும். புதிய கருவிகள் பெரும்பாலும் பேசும். தன் நிறுவனத்தின் செயலியோடு மட்டும் பேசும் மலிவான கருவி எதுவானாலும் விலகிவிடுங்கள். அந்த நிறுவனம் செயலியைக் கைவிட்ட நாளில் உங்கள் கருவி வெறும் இரும்பாகிவிடும்.

இரண்டுக்கும் ஒரு நடைமுறை வேறுபாடு உண்டு. ஆன்ட் பிளஸ் வானொலிபோல் ஒலிபரப்பிக்கொண்டே இருக்கும். எத்தனை கருவிகள் வேண்டுமானாலும் கேட்கலாம். புளூடூத்தில் பெரும்பாலும் ஒன்றோ இரண்டோ இணைப்புகள்தான். கணினியில் ஸ்விஃப்டைத் திறந்து தேடினால் ட்ரெயினர் தென்படவே மாட்டேன் என்கிறது. கருவி பழுது என்று முடிவுகட்டிக் கடைக்காரரை அழைக்கிறார்கள். காரணம், மேசையில் கிடக்கும் கைப்பேசியில் ட்ரெயினர் நிறுவனத்தின் செயலி பின்னணியில் திறந்திருந்து, இணைப்பை ஏற்கெனவே பிடித்து வைத்திருப்பது. அந்தச் செயலியை முழுவதும் மூடினால் அடுத்த நொடியே கணினியில் தெரியும். கணினியில் ஆன்ட் பிளஸ் வேண்டுமென்றால் ஒரு சிறு யுஎஸ்பி ஏற்பி தேவை. அதை யுஎஸ்பி 3 துளைக்கு அருகில் குத்தினால் அலை இடையூறு வரும், ஆதலால் ஒரு நீட்டிப்புக் கம்பி போட்டு ட்ரெயினருக்கு அருகில் கொண்டுவந்து வைப்பது நல்லது. கிக்கரின் 2022 மாதிரி முதல் சில கருவிகள் வைஃபை வழியாகவும் இணைகின்றன; அடுக்குமாடியில் சுற்றிலும் புளூடூத் நெரிசல் இருப்பவர்களுக்கு அது உண்மையிலேயே உதவும்.

மென்பொருளைப் பொறுத்தவரை, கூட்டத்தோடும் பந்தயத்தோடும் ஓட்ட விரும்புபவருக்கு ஸ்விஃப்ட். அமெரிக்காவில் அதன் மாதக் கட்டணம் ஏறத்தாழ 20 டாலர். அபுதாபியிலிருந்து வரும் மைவூஷ் இலவசம். கட்டணம் கட்டத் தயங்குபவர்கள் அதிலிருந்தே தொடங்கலாம். உண்மையான சாலைகளின் காணொளியில் ஓட்ட விரும்பினால் செக் குடியரசின் ரூவி. படமே வேண்டாம், கால அட்டவணையும் வாட் இலக்கும் போதும் என்பவருக்கு ட்ரெயினர்ரோடு. கருவியின் விலையில் மூன்றில் ஒரு பங்கை மென்பொருள் சந்தா ஒரே ஆண்டில் தின்றுவிடக்கூடும் என்பதை மறக்க வேண்டாம்.

எர்க் முறை பற்றி இங்கே ஒரு குறிப்பு. இதில் நீங்கள் எந்த வேகத்தில் மிதித்தாலும் கருவி வாட்டை மாறாமல் பிடித்து வைக்கும்: மெதுவாக மிதித்தால் கனம் கூடும், வேகமாக மிதித்தால் குறையும். களைத்துப்போய் மிதிவேகம் குறையும்போது கனம் கூடி, அதனால் இன்னும் குறைந்து, இறுதியில் பெடல் அப்படியே நின்றுவிடும் நிலை எல்லோருக்கும் ஒருமுறையாவது வரும். அப்போது ஒரு கணம் மிதிப்பதை நிறுத்தி, கருவி பிடியைத் தளர்த்தியதும் வேகமாகத் தொடங்க வேண்டும். முன்பக்கத்துச் சிறிய பற்சக்கரத்தில் செயினை வைத்து ஓட்டினால் ஃப்ளைவீல் மெதுவாகச் சுழலும், சத்தமும் குறையும், இலக்கு மாற்றங்களும் மென்மையாக வரும்.

ஐந்தாம் படி: அறையையும் கணக்கில் கொள்ளுங்கள்

ட்ரெயினர் பற்றிய பேச்சில் மிகக் குறைவாகப் பேசப்படுவதும், பயன்பாட்டை மிக அதிகமாகத் தீர்மானிப்பதும் வெப்பம்தான். மனித உடலின் பயன்திறன் 20 முதல் 25 விழுக்காடு. பெடலில் 200 வாட் வர வேண்டுமென்றால் இன்னும் 600 முதல் 800 வாட் உடலில் வெப்பமாக வெளிப்படுகிறது. அதாவது ஓர் இஸ்திரிப் பெட்டியை அறையின் நடுவே ஒரு மணி நேரம் எரியவிட்டதுபோல. சாலையில் மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் போகிறவரின் உடலை வினாடிக்கு 8 மீட்டர் வேகத்தில் காற்று தழுவிச் செல்கிறது. வீட்டுக்குள் அந்த வேகம் பூஜ்யம். டொரொண்டோவிலோ ஒஸ்லோவிலோ குளிர்காலத்தில் நிலவறையில் ஓட்டும் நம்மவர்களுக்கு ஒரு மேசை விசிறி போதலாம். சென்னையிலோ தூத்துக்குடியிலோ கொழும்பிலோ ஈரப்பதம் மிகுந்த காலையில் வியர்வை ஆவியாகாமல் வழிந்துகொண்டே இருக்கும். இதயத் துடிப்பு மட்டும் ஏறி, வாட் இறங்கிக்கொண்டே போகும். கூரை விசிறி தலையை மட்டுமே தொடும். தரையில் நிற்கும் பெரிய விசிறியை முன்னால் மார்புக்கு நேராக வைக்க வேண்டும், முடிந்தால் பக்கவாட்டில் இன்னொன்று. குளிர்சாதன வசதி இருந்தால் அது குளிரைத் தருவதைவிட ஈரத்தை வாங்கிக்கொள்வதே பெரிய உதவி. ஒரு படி குறைந்த ட்ரெயினரை வாங்கி, மிச்சப் பணத்தில் நல்ல விசிறி வாங்குபவர், அந்தப் பணத்தை எல்லாம் ட்ரெயினரில் போட்டவரைவிட நன்றாகப் பயிற்சி செய்வார் என்பதில் எனக்கு ஐயமில்லை.

அந்த வியர்வை உப்பு, சைக்கிளுக்கும் கெடுதல். அது கைப்பிடி நாடாவுக்கு உள்ளே இறங்கி அலுமினியத்தை அரிக்கும். தலைப்பகுதிப் பேரிங்கையும் ஸ்டெம்மின் திருகுகளையும் துருப்பிடிக்க வைக்கும். கைப்பிடியிலிருந்து இருக்கைவரை ஒரு துண்டை விரித்து ஓட்டி, முடித்ததும் ஈரத்துணியால் துடைப்பது போதும். ஆனால் ஒவ்வொரு முறையும் செய்ய வேண்டும்.

சத்தத்தைப் பொறுத்தவரை, டைரக்ட் டிரைவ் கருவிகளின் ஓசை அறைக்குள் பேச்சுக்குரலை மிஞ்சாது. விசிறியின் சத்தமும் செயினின் சத்தமுமே மேலோங்கும். கீழ்வீட்டுக்காரரை எழுப்புவது காற்றில் வரும் ஓசை அன்று, தரைவழியே இறங்கும் அதிர்வு. தடித்த ரப்பர் விரிப்பு ஒன்றைக் கருவிக்கும் முன்சக்கரத்துக்கும் சேர்த்துப் போடுவது அதைப் பெருமளவு குறைக்கும். கருவி பெரும்பாலும் 15 முதல் 22 கிலோ எடை கொண்டது; தினமும் எடுத்து வைத்து ஓட்டுவேன் என்று திட்டமிடுபவர்கள் அந்த எடையோடு சைக்கிளையும் தூக்கிப் பார்த்துவிட்டு முடிவெடுக்க வேண்டும். நிரந்தரமாக ஓர் இடம் ஒதுக்க முடிந்தவர்களே தொடர்ந்து ஓட்டுகிறார்கள்.

மின்சாரமும் ஒரு காரணி. பெரும்பாலான கருவிகளில் மின்சாரம் போனால் கட்டுப்பாடும் போய்விடும், அளவும் நின்றுவிடும். அடாப்டர் எடுப்பது சொற்ப மின்சாரமே என்பதால் வீட்டு இன்வெர்ட்டரில் தாராளமாக ஓடும். வைஃபை ரௌட்டரும் அதே இணைப்பில் இருக்கிறதா என்று பாருங்கள். நியோ வரிசையோ, நீங்கள் மிதிப்பதிலிருந்தே தனக்கு வேண்டிய மின்சாரத்தை எடுத்துக்கொண்டு செருகாமலும் ஓடும். மின்வெட்டு அடிக்கடி வரும் ஊரில் இருப்பவர்களுக்கும், பந்தயத்துக்கு முன் மைதானத்தில் உடலைச் சூடேற்ற விரும்புபவர்களுக்கும் அந்தக் கூடுதல் விலைக்கு இது நியாயமான காரணம்.

ஆறாம் படி: விலையும் உத்தரவாதமும்

இவ்வளவையும் பார்த்து முடித்தபின், பெரும்பாலோருக்கு ஏற்றது கிக்கர் கோர், ஜெட்பிளாக் விக்டரி, எலைட் நிறுவனத்தின் சுய்டோ போன்ற இடைநிலை டைரக்ட் டிரைவ் கருவிகளில் ஒன்றாகவே இருக்கும். இவற்றுள் எதை எடுப்பது என்பதை, எதற்கு உங்கள் ஊரில் பழுதுபார்ப்பவர் இருக்கிறார், எதற்கு உங்கள் ஃப்ரீஹப் கிடைக்கிறது என்ற இரண்டு கேள்விகளே தீர்த்துவிடும். உயர்நிலைக் கருவிக்குப் போக நியாயமான காரணங்கள் நான்கே: போட்டிக்கான துல்லியம், மின்சாரமின்றி ஓடும் வசதி, கூடிய எடையோடு செங்குத்து ஏற்றங்களில் பயிற்சி, எளிதில் மடித்து எடுத்துச் செல்லும் தேவை. வேறு காரணத்துக்காக வாங்குவது தவறில்லை, ஆனால் அது ஆசைக்காக வாங்குவது.

வெளிநாட்டிலிருந்து வரும் உறவினரிடம் சொல்லி வாங்கிவரச் செய்வது நம்மிடம் பரவலாக உள்ள வழக்கம். இருபது கிலோ எடையை விமானத்தில் கொண்டுவரும் செலவையும் சுங்கத்தையும் சேர்த்துப் பாருங்கள். அதைவிட முக்கியம், உத்தரவாதம் பல நிறுவனங்களில் வாங்கிய நாட்டோடு நின்றுவிடும். பேரிங் சத்தமிட ஆரம்பித்தால் அந்த இருபது கிலோவைத் திருப்பி அனுப்ப வேண்டியிருக்கும். அடாப்டரில் 100 முதல் 240 வோல்ட் வரை என்று அச்சிட்டிருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

பழைய கருவி வாங்கலாம். குளிர்நாடுகளில் வசந்தம் வந்ததும் பலர் விற்றுவிடுகிறார்கள். நேரில் போய், உங்கள் சைக்கிளையே மாட்டி, கால் மணி நேரமாவது ஓட்டிப் பாருங்கள். மிதிப்பதை நிறுத்தி ஃப்ளைவீல் உருளும்போது கரகரப்பு கேட்டால் பேரிங் தேய்ந்திருக்கிறது. பெரிய கியரில் எழுந்து நின்று திடீரென அழுத்தும்போது உள்ளே வழுக்கினால் பெல்ட் தளர்ந்திருக்கிறது அல்லது ஃப்ரீஹப் பற்கள் தேய்ந்திருக்கின்றன. நிறுவனத்தின் செயலியில் கருவி இணைந்து மென்பொருள் புதுப்பிப்பை ஏற்கிறதா என்பதையும் அங்கேயே பார்த்துவிடுங்கள். 2022-க்கு முந்தைய விலையை நினைவில் வைத்து ‘பாதி விலைக்குத் தருகிறேன்’ என்று சொல்பவரிடம், இன்றைய புதுக் கருவியின் விலையைக் காட்டிப் பேரம் பேசுங்கள்.

ஏழாம் படி: பொருத்தும் நாள்

கேசட்டை ஃப்ரீஹப்பின் பள்ளங்களோடு பொருத்தி, லாக்ரிங்கை 40 நியூட்டன் மீட்டர் அளவுக்கு இறுக்குங்கள். சைக்கிளின் செயின் நீண்டு தேய்ந்திருந்தால், புதிய கேசட்டில் அது துள்ளும். முதலில் செயினை அளவுகோலால் சோதித்து, தேவையானால் மாற்றிவிட்டு மாட்டுங்கள். பின்சக்கரத்தைக் கழற்றியதும் டிஸ்க் பிரேக் கேலிப்பரில் சைக்கிளோடு வந்த பிளாஸ்டிக் தகட்டைச் செருகிவிடுங்கள். அது இல்லாமல், யாராவது பழக்கதோஷத்தில் பிரேக்கை ஒருமுறை அழுத்தினாலும் பேட்கள் ஒட்டிக்கொண்டு, மறுபடி சக்கரத்தை மாட்டும்போது டிஸ்க் உள்ளே நுழையாது. வீட்டில் சிறுவர்கள் இருந்தால் இந்த எச்சரிக்கை இரட்டிப்பாகும். சுழலும் ஃப்ளைவீலிலும் செயினிலும் விரல் போகாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும்.

சைக்கிள் கருவியில் உட்கார்ந்ததும், பின்னாலிருந்து பார்த்து நேராக நிற்கிறதா என்று உறுதி செய்யுங்கள். கியர்களை ஒவ்வொன்றாக ஏற்றி இறக்கினால் ஒன்றிரண்டு இடங்களில் செயின் உரசும். கருவியின் கேசட் உங்கள் சக்கரத்தின் கேசட் இருந்த இடத்திலிருந்து அரை மில்லிமீட்டர் தள்ளி இருப்பதே காரணம். பின் டீரெய்லரின் (செயினை நகர்த்திக் கியர் மாற்றும் பகுதி) கம்பி திருகியை இரண்டு மூன்று சொடுக்கு திருப்பினால் சரியாகிவிடும். எத்தனை சொடுக்கு, எந்தப் பக்கம் என்பதை எழுதி வைத்தால் சாலைக்குத் திரும்பும்போது அதே அளவு திருப்பலாம். மின் கியர் உள்ளவர்கள் இதைச் செயலியிலேயே செய்துகொள்ளலாம். பிறகு கருவியின் மென்பொருளைப் புதுப்பித்து, பத்து நிமிடம் மெதுவாக ஓட்டிச் சூடேற்றி, அளவைச் சீர்செய்து, அச்சை இன்னொரு முறை இறுக்கிப் பார்த்துவிட்டு ஓட்டத் தொடங்குங்கள்.